பட்டப்பகல் சாராயம்

காரிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேர் கையிலும் பூமாலை. லோப்பாக்கா வாசலுக்கு ஓடினான்.

முன்னால் வந்த லெய்மோமி அத்தை மீன் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எப்படா போனாரு உங்க பெரியப்பா?"

"போகல அத்தை. உள்ள தூங்கறாரு."

கொல்லையில் இமு, விருந்து சமைக்கும் மண்ணடுப்புக் குழி, இரண்டு நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. வீட்டில் கல்யாணம் இல்லை, குழந்தைக்கு முதல் பிறந்தநாள் இல்லை. பிறகு எதற்கு மண்ணைத் தோண்டிக் கல்லைச் சுடுவார்கள்? உடம்பு முடியாத பெரியப்பா இருக்கிற வீட்டில் சாவுக்குத்தான் என்று உறவுக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் குழிக்குள் இருந்தது கீ என்ற செடியின் வேர். நாள்கணக்கில் வெந்தால் வெல்லமாய் இனிக்கும். புளிக்கவைத்து வடித்தால் ஓக்கோலேஹாவ், தீவின் பழைய சாராயம். கரும்பாலை மூடிய பிறகு லோப்பாக்கா கல் உடைத்தான், ஹோட்டலில் புல் வெட்டினான். ஐம்பது வயதில் முதுகு இனி முடியாது என்றது. இந்தச் சாராயச்சாலை ஒன்றுதான் மிச்சம்.

சாராயம் வடிக்கும் வடிகலத்தைப் பார்க்க உரிம அதிகாரி இன்று, சனிக்கிழமை, மூன்று மணிக்கு வருகிறார். நிலம் ஹியாப்போ பெரியப்பாவின் பேரில். குத்தகைப் பத்திரத்தில் அவர் அதிகாரி கண்ணெதிரே கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். அவர் போய்விட்டால் நிலம் பதினோரு வாரிசுகளுக்குச் சிதறும்; அதோடு எல்லாம் முடிந்தது. செத்த வீடு என்று காதில் விழுந்தாலே அதிகாரி திரும்பிப் போய்விடுவார்.

அதனால் உண்மையைச் சொன்னான். அரசாங்க அனுமதியோடு சாராயம் காய்ச்சப் போவதாக.

"சாராயம் காய்ச்சறவன் பட்டப்பகல்ல ஊருக்கே தெரியற மாதிரி புகை விடுவானா?" என்றாள் அத்தை. "உங்க தாத்தா மலைக்குப் பின்னால காய்ச்சுவாரு. நாய் குலைச்சா புதருக்குள்ள படுத்துக்குவாரு. பாவம், துக்கத்துல உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு."

அவனை நிழலில் உட்காரவைத்து விசிறினார்கள்.

இன்னும் மூன்று கார்கள் வந்தன. பொறுக்கமாட்டாமல், இன்று பெரியப்பாவுக்குப் பிறந்தநாள் என்று ஒரு பொய்யைப் போட்டான். அழுகை நின்றது. பிறந்தநாள் என்றால் பன்றி எங்கே என்று கேட்டார்கள். சித்தப்பா மகன் கவேலோ போய்ப் பன்றியோடு வந்தான். தடுப்பதற்குள் மண்ணைத் தள்ளி, ஈரச் சாக்கை உருவி, பன்றியை வேரின் மேல் இறக்கிவிட்டான். இரண்டு நாள் சூடு ஆவியாய்ப் போனது. வேரெல்லாம் இனி பன்றிக் கொழுப்பு.

"வேரையும் சேத்தே தின்னுருவோம்ணே, வீணாப் போகாது," என்றான் கவேலோ.

பாட்டு தொடங்கியது. பிறந்தநாள்காரரைக் கூட்டிவா என்றார்கள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் லோப்பாக்கா உள்ளே போனான்.

பெரியப்பா முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுப் படுத்திருந்தார். கை சில்லென்றிருந்தது.

லோப்பாக்கா கட்டிலோரம் உட்கார்ந்தான். வளர்த்த மனிதர். அழுகை வந்தது, அழுவதற்கு நேரமில்லை. வெளியே அவர் நீடூழி வாழப் பாடிக்கொண்டிருந்தார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். அவருடைய கட்டைவிரலைப் பார்த்தான். பார்த்ததற்கே வெட்கமாக இருந்தது. மறுபடியும் பார்த்தான்.

வாசலில் அதிகாரியின் குரல் கேட்டது. லோப்பாக்கா ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான்.

"பெரியப்பா அசந்து தூங்கறாரு சார். கையெழுத்துக்குப் பதிலா..." கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தான். "கைரேகை வெச்சாப் போதுங்களா?"

அதிகாரி அவனை விநோதமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் எதுக்குப்பா? செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தவரு, அப்படியே ஆபீஸ் ஏறி வந்து என் முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டாரே. 'சனிக்கிழமை எங்க வீட்டுல ஒரு சாவு இருக்கு, அன்னிக்குத் தோதுப்படாது'ன்னாரு."