விடயம்: இல்லாத ஒருவரை வீட்டிலிருந்து நீக்குதல்

ஸ்டுட்கார்ட்
சனிக்கிழமை, காலை பதினொரு மணி

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் நிருஷா பணிவோடு எழுதுவது. எர்லாங்கனில் தாங்களும் புஷ்பராணி பெரியம்மாவும், பெரியம்மாவின் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வரி எழுதுவதுதான் முறை. அதை ஒரு வரியில் எழுத முடியாது என்பதால்தான் இந்தக் கடிதமே.

ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் "விசயம் எண்டால் பேப்பரில வரவேணும் பிள்ளை, காத்தில வாறதை என்னால ஃபைலில போடேலாது" என்று முப்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருபவர் நீங்கள். இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பியது உங்கள் கை. பிறந்த பிள்ளையைப் பதிந்தது, வீடு மாறியவரைப் பதிந்தது, செத்தவரைப் பதிவிலிருந்து நீக்கியது எல்லாம் நீங்கள்தான். எனக்கும் இப்போது ஒருவரை நீக்க ஒரு படிவம் வேண்டும். ஒரே ஒரு சிக்கல். நீக்க வேண்டியவர் இன்னும் பிறக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என்னை வங்கியில் தொழில் பழக அவுஸ்பில்டுங்குக்கு விடப் பார்த்த அப்பாவை, "அவள் கீறட்டும், விடு" என்று அடக்கி, வடிவமைப்புப் படிக்க அனுப்பியவர் நீங்கள். ஆகவே நடந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. அப்பா இன்னும் என் படிப்பைப் படம் கீறுகிற படிப்பு என்றுதான் ஊருக்குச் சொல்கிறார். நாங்கள் படம் கீறுவது குறைவு. சும்மா இருக்கும் சாமான்களை முறைத்துப் பார்ப்பதுதான் அதிகம். திறக்க ஏலாத போத்தல், கையைச் சுடும் கைபிடி, தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் எல்லோரும் முட்டிக்கொள்ளும் கதவு, இவைதான் எங்கள் பாடம். புதிதாக ஒன்றைப் படைக்கும் எண்ணம் வானத்திலிருந்து இறங்கும் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் விளங்கியது, அது பெரும்பாலும் எரிச்சலில்தான் பிறக்கிறது. பெரியம்மா பிழையான பொத்தானை அழுத்தி உங்கள் வெள்ளைச் சேட்டு எல்லாம் நீலமான அன்று, சலவை இயந்திரத்தின் சரியான பொத்தானுக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தீர்களே, அதுதான் வடிவமைப்பு. நான் வகுப்பில் அதைச் சொன்னேன். பேராசிரியர் கெஸ்லர் அம்மையார் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

இந்த அரையாண்டுக்கு அவர் தந்த வேலை, தினமும் தொடும் ஒரு பொருளைத் திருத்தி அமைப்பது. நான் கதவு மணிப் பலகையை எடுத்தேன். ஜெர்மனியில் வீட்டு இலக்கம் இருந்தால் போதாது, மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் இருக்க வேண்டும், பெயர் இல்லாத ஆளுக்குக் கடிதம் வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர்களோ எறும்புக்குத்தான் வாசிக்க ஏலும். வேலையைத் தொடங்குமுன் யாருக்காகச் செய்கிறோமோ அந்த ஆளை உருவாக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். பெயர், வயது, கை, கண், எதற்குக் கோபம் வரும், எல்லாம் எழுதிப் பெரிய தாளாகச் சுவரில் ஒட்ட வேண்டும். அதற்கு மூன்று முதியவர்களையாவது நேரில் கண்டு கதைத்திருக்க வேண்டும். நான் ஒருவரையும் காணவில்லை. கூச்சம், பெரியப்பா. இந்தக் கட்டடத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன், படியில் சத்தம் கேட்டால் அது போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் நான். ஆகவே ஒரு மத்தியானம் தேநீரோடு இருந்து ஓர் அம்மாவைச் செய்தேன். பெயர் மக்டலீன். சொந்த இடம் மன்னார். வயது எழுபத்தொன்று. இடக்கைக்காரி. விரல் மூட்டில் வாதம். இறுக்கி மூடிய மூடியும் அழுக்குப் படியும் பிடிக்காது. பிள்ளைகள் இல்லை, தனியாக இருக்கிறார்.

பலகை அழகாக வந்தது. பெரிய எழுத்து, இடக்கைக்கு ஏற்ற சரிவு, யாரும் பிடுங்க முடியாத மறைவான பூட்டு. வீட்டு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, மணியிலும் தபால் பெட்டியிலும் என் அறைக்குரிய இடத்தில் மாட்டினேன். என் பெயர் மட்டும் இருந்தபோது, வகுப்பில் காட்ட எடுத்த படத்தில் வெறுமையாகத் தெரிந்தது. அதனால் கீழே மக்டலீன் அம்மாவின் பெயரையும் போட்டேன். நான் செய்த பிழை அவ்வளவுதான்.

பத்து நாளில் அவருக்குத் தபால் வந்தது. முதலில் கம்பளி விற்கிறவர்களின் விளம்பரம், அதை யாருக்கும் அனுப்புவார்கள். பிறகு ஒரு கண் வைத்தியரிடமிருந்து வரச்சொல்லி டெர்மின் அட்டை, புரை பார்க்க, வியாழன் ஒன்பதரைக்கு. நான் சிரித்துவிட்டு அட்டையைக் குசினி மேசையில் வைத்தேன். வியாழன் பின்னேரம் அட்டையில் அடுத்த தவணைத் திகதி எழுதியிருந்தது.

இனி ஸ்டுட்கார்ட்காரரின் கேர்வோகே பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் பொதுப் படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தவரின் கதவில் ஒரு சின்னப் பலகையைக் கயிற்றில் கொளுவி விடுவார்கள். அதைக் கொளுவுபவர் இரண்டாம் மாடி ஷ்டெங்லே அம்மையார். மணியில் இரண்டு பெயரைக் கண்ட அவர், எங்களுக்கு இரண்டு முறை ஒதுக்கிவிட்டார். என் வாரம் வந்தபோது நான் வழக்கம்போல மறந்துபோனேன். அடுத்தது மக்டலீன் அம்மாவின் வாரம். வெட்கத்தில் அவருக்காக நானே துடைப்போம் என்று சனிக்கிழமை காலை தும்புத்தடியோடு வெளியே வந்தால், படி ஈரமாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை சீராகத் துடைத்திருந்தது. துணி போன கோடுகளைப் பார்த்தேன், அதுதானே என் படிப்பு. எல்லாம் இடக்கையால் இழுத்த கோடுகள்.

அதன் பிறகு அறைக்குள் தொடங்கியது. கல்லூரியால் மூன்று மணிக்கு வந்தால் கோப்பைகளின் காதுகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பி நிற்கும். குசினியில் ஒவ்வொரு போத்தலின் மூடியும் அரைச்சுற்றுத் தளர்ந்திருக்கும். பெரியப்பா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நாள் எனக்குப் பயம் வரவில்லை. ஊகித்தது சரியாக இருக்கிறது என்ற பெருமைதான் வந்தது. கெஸ்லர் அம்மையாரும் சுவர்த்தாளை வாசித்துவிட்டு, "இவர் கற்பனை ஆள் போலவே இல்லை" என்று அதியுயர்ந்த புள்ளி போட்டார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சுவரில் திரும்ப ஒட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதில் எழுபத்தொன்று என்பதை யாரோ நேர்த்தியாக வெட்டி, எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள். பிறந்த நாள் என்று நான் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

கீழ் வீட்டில் ஐங்கரன் அண்ணை இருக்கிறார், பார்சல் வான் ஓடுகிறவர். என்னைப் படியில் மறித்தார்.

"பிள்ளை, உம்மோட இருக்கிற அம்மா நல்ல மனுசி, என்ன?"

"எந்த அம்மா, அண்ணை?"

"மக்டலீன் அம்மா. முந்தநாள் வந்து மணி அடிச்சவ. சின்னவளின்ர சைக்கிளைப் படியில விடவேண்டாமாம். சொன்ன விதம் கோவமே வரேல்லை. பிறகு அன்ரனிற்றா கதைச்சுப் பாத்தா, சொந்தம்!"

அவர் மனைவி அன்ரனிற்றா அக்கா மன்னார்க்காரி. உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். "ஓம் பிள்ளை, எங்கட அம்மாவின்ர ஒண்டுவிட்ட தமக்கை கலியாணம் கட்டின வீட்டில இவ மூத்தவ. எங்கட கலியாண அல்பத்திலயும் நிக்கிறா."

"அக்கா, அவவை நான்தான் செய்தனான். படிப்புக்கு. கொம்பியூட்டரில."

"என்ன கதை இது? வயசு போன சனத்தைப் பற்றி அப்பிடிக் கதைக்கக் கூடாது," என்று அக்கா முகத்தைச் சுளித்தார்.

அல்பத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் நின்றார், முகத்தில் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியவில்லை. பூச்செண்டை இடக்கையில் பிடித்திருந்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஐந்து நிமிடம் கதைத்தால் ஆறாவது நிமிடம் சொந்தம் வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு பேராவது வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது அறை நாளுக்கு நாள் மாறுகிறது. அடுப்புத் திருகியில் துணி சுற்றியிருக்கிறது, வாத விரலுக்குப் பிடிக்க இலகுவாக. கதிரையின் கால்களுக்குக் கீழே மரத்துண்டுகள், முழங்கால் நோகாமல் எழும்ப. தட்டுகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. நான் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துவிட்டது, கதிரையில் இருந்தால் கால் தரையில் முட்டுவதில்லை. ஒவ்வொன்றும் அருமையான வேலை, பெரியப்பா. நானாக இருந்தால் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன். ஒரு பொருள் யாருடைய கைக்குப் பொருந்துகிறதோ அவருக்குத்தான் அது சொந்தம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். நான் அதைப் பரீட்சைக்கு மட்டும் பாடமாக்கினேன். இந்த அறையில் இப்போது ஒன்றுக்கும் பொருந்தாமல் நிற்பது நான்தான்.

ஆளை ஒருநாளும் கண்டதில்லை. நான் போனபின் வருகிறார், நான் வருமுன் போகிறார். தேநீர்க் கோப்பை மட்டும் சூடாக இருக்கும். கோப்பில் இருந்த அவருடைய விவரங்களை அழித்தேன், சுவர்த்தாளைக் கிழித்தேன், பயனில்லை. மணிப் பலகையைக் கழற்றப் பார்த்தேன். யாராலும் கழற்ற முடியாதபடி செய்திருந்தேன் அல்லவா, என்னாலும் முடியவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன திங்கட்கிழமை வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒருவருக்கான அறையில் இரண்டு பேர் வசிப்பதாகத் தெரிகிறது, மாதம் முடியுமுன் இருவரில் ஒருவர் வெளியேறுவதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், இல்லையேல் இருவரும் வெளியேற வேண்டிவரும். இந்த அறைக்காக நான் ஏழு மாதம் அலைந்ததும் நாற்பத்துமூன்று அன்ட்ராக் விண்ணப்பம் போட்டதும் உங்களுக்குத் தெரியும். இது போனால் அப்பா வீடுதான், அப்பா வீட்டுக்குப் போனால் வங்கிதான். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும், பெரியப்பா. உலகத்தில் எனக்கு ஓரளவு தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

சாட்சி சொல்லும்படி ஷ்டெங்லே அம்மையாரிடம் போனேன். இரண்டு வருடத்தில் நானாக ஒரு கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. மக்டலீன் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் தன் அட்டவணையை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"அந்த அம்மா ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. காலையில் வணக்கம் சொல்வார், என் பூச்சாடிக்குத் தண்ணீர் விடுவார். நீங்கள் ஒருநாளும் படி கூட்டியதில்லை. உங்களை நான் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். சொல்லுங்கள் பெண்ணே, உங்கள் இருவரில் யார் இல்லாதவர்?"

எனக்குப் பயமாக இருக்கிறது, பெரியப்பா. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதுதான் பெரிய பயம்.

ஆகவே தயவுசெய்து உங்கள் ஃபைல்களில் தேடி, பிறக்காத ஒருவரை வெளியேற்றத் தோதான படிவம் ஒன்றை உடனே அனுப்பிவையுங்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது, ஒப்பம் யார் வைப்பது என்பதையும் பென்சிலால் குறித்து விடுங்கள். அப்பாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். பெரியம்மாவுக்கு என் அன்பும் அவர் முழங்காலுக்கு என் வேண்டுதலும். பிள்ளையார் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், எனக்கு இந்த அறையைத் தரட்டும்.

தங்கள் பணிவுள்ள
நிருஷா

பி.கு.: உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கக் கீழே போனவள், திரும்ப வந்து அதைப் பிரித்து இதை எழுதுகிறேன். பெட்டியில் நிர்வாகத்தின் பதில் கிடந்தது. நான் அவர்களுக்கு இன்னும் ஒன்றுமே எழுதவில்லை. செல்வி நிருஷா வெளியேறுவதாக அனுப்பிய அறிவித்தல் கிடைத்ததாம், ஒத்துழைப்புக்கு நன்றியாம், முதலாம் திகதியிலிருந்து மக்டலீன் அம்மையார் மட்டுமே வாடகைக்கு இருப்பவராம். அறிவித்தலின் பிரதியும் வைத்திருந்தார்கள். நீங்களே பார்த்தாலும் ஒரு பிழை பிடிக்க மாட்டீர்கள், அவ்வளவு ஒழுங்காக நிரப்பியிருக்கிறது. ஒப்பமும் என் ஒப்பம்தான், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தபால் பெட்டியிலும் மணியிலும் என் பெயர் இல்லை. கீறல்கூட இல்லை. ஆகவே மேலே கேட்ட படிவம் இனி வேண்டாம். நான் பிறந்ததற்கு அத்தாட்சி ஏதாவது உங்களிடம் இருந்தால் அதை அனுப்புங்கள். அனுப்பும்போது உறையில் என் பெயருக்குக் கீழே "மக்டலீன் அம்மா வீட்டில்" என்று மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.