உங்கள் காரின் எடை குறித்து அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "அண்ணா, பச்சை விளக்கு விழுந்ததும் நீ இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்த்தாய்" என்பதுதான் அது. சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வெறும் நலம் விசாரிப்பாக அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். நீங்கள் நலமா? முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் நால்வரும் நலம். உங்கள் காரும் நலம். நடுவில் எங்காவது பதறிப்போய்ப் படிப்பதை நிறுத்திவிடக் கூடாதே என்று இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அது நலமாக இல்லாமல் இருந்த ஆறு வாரங்களைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன். வருகிற புதன்கிழமை ஸ்டேஷனில் இறங்கி அதில் ஏறும்போது எப்படியும் உங்கள் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

காரை அண்ணனிடம் கொடுத்தபோது நீங்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். எப்போது வந்தாலும் உங்களை அந்தக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும், பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வருவீர்கள் என்றீர்கள். அண்ணனும் சரி என்றான். அவன் மீறுகிற ஆளில்லை என்பது உங்களுக்கே தெரியும். எட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவன். அவனிடம் கற்றவர்களில் ஒரே ஒருவர்தான் எதையும் காதில் வாங்காதவர், அவர் எங்கள் தெருமுனைப் பல் டாக்டர். அந்தப் பல் டாக்டர்தான் ஒருநாள் அண்ணனிடம், "சார், ஊருக்கு வெளிய பழைய விமான ஓடுபாதைல டிராக் ரேஸ் நடக்குது. நான் வாராவாரம் ஓட்டறேன். நீங்களும் வாங்களேன், சொல்லிக்கொடுத்தவர் எப்படி ஓட்டறார்னு பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அத்தை, இந்தப் பந்தயத்தில் வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு விழுந்ததும் நானூறு மீட்டர் நேராக ஓடும், யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்காக நாங்கள் நால்வரும் குடை, தண்ணீர், மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம்.

பச்சை விழுந்தது. பல் டாக்டர் சீறிக்கொண்டு போனார். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், பிறகு கிளம்பினான். தோற்றான். ஓடி முடித்ததும் ஒரு சீட்டு அச்சடித்துத் தருகிறார்கள். விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு நேரம் நின்றோம், அதன்பின் எவ்வளவு நேரம் ஓடினோம் என்று தனித்தனியாக அதில் இருக்கும். நான் அதைப் படித்தேன். ஓடிய நேரத்தில் உங்கள் கார்தான் வேகம். நின்ற நேரத்தில்தான் எல்லாம் போயிருந்தது. அண்ணன் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குள் அவனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "வண்டி கனம். அதான் விஷயம். எடையைக் குறைக்கணும்."

எங்கள் வீட்டில் எடை என்ற சொல்லை உச்சரிப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு சோதிக்க எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தவர் உங்கள் தம்பி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து போய் மேடைத் தராசு, தட்டுத் தராசு, நகைத் தராசு மூன்றையும் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, "கொண்டாடா ஒவ்வொண்ணா" என்றார். முதலில் ஸ்டெப்னி வந்தது, பிறகு ஜாக்கி, பிறகு பின் சீட், டிரைவருக்குப் பக்கத்துச் சீட், தரை விரிப்பு, கதவு உள்தட்டு, சாமான் பெட்டியின் மூடி, கூரைத் துணி என்று வந்துகொண்டே இருந்தன, அப்பா ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதி நூல் கட்டிச் சீட்டு மாட்டினார், ஒரு திருகாணிகூட நிறுக்காமல் போகவில்லை. பின் சீட்டை ஹாலில் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் அதில்தான் உட்கார்ந்தார்கள், நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். ஸ்டெப்னி என் கட்டிலுக்கடியில் வந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. கழற்ற ஒன்றுமில்லாமல் போனதும் அண்ணன் துளை போட ஆரம்பித்தான். ஹேண்ட் பிரேக் தண்டில் துளை, கால் வைக்கிற பெடலில் துளை, டேஷ்போர்டு அறையின் கதவில் இருபத்தியாறு துளை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த ஓட்டையெல்லாம் உன் தலையிலயே போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் கனம் குறைஞ்சிருக்கும்" என்றாள்.

இங்கே உங்களுக்கு ஒரு செய்தி. பின் சீட்டின் அடியில் உங்கள் கம்மல் கிடைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது தொலைந்ததே, அதுதான். அம்மா எடுத்ததாக நீங்கள் ஒருபோதும் சொன்னதில்லை, உண்மைதான். ஆனால் அத்தை, நீங்கள் சொல்லாமல் இருந்த விதம் அம்மாவுக்குப் புரிந்திருந்தது. அப்பா அதையும் நகைத் தராசில் வைத்தார். இரண்டு கிராம். "நல்லா பாருங்க, உங்க அக்கா ஞாபகமறதி எத்தனை கிராம்னும் சேத்து எழுதுங்க" என்றாள் அம்மா. அன்று முழுவதும் வீட்டில் அம்மாவின் பாட்டுச் சத்தம் கேட்டது. கம்மலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

எல்லாம் கூட்டி எண்பத்தேழு கிலோ நானூற்று ஆறு கிராம் குறைந்தது. இரண்டாவது பந்தயத்துக்குக் கிளம்பும் காலையில் அண்ணன் ஒன்றும் சாப்பிடவில்லை, வாட்சைக் கழற்றினான், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தான். பச்சை விழுந்தது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். நடுவில் கண்ணாடியும் பார்க்கத் திரும்பினான், ஆனால் அதையும் கழற்றிவிட்டிருந்தபடியால் வெறும் காற்றைப் பார்த்தான். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பின் சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றின, புகை வந்தது, கார் மட்டும் நகரவில்லை. புகை அடங்கி அவன் கிளம்பியபோது பல் டாக்டர் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஓடுபாதை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க வண்டியைத் தள்றது பின் சக்கரம். அது தரையை அழுத்திப் பிடிக்கத்தான் மேல கனம் வேணும். அதையெல்லாம் தூக்கிக் கொண்டுபோய் எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். "வீட்டுல ஹால்ல" என்றார் அப்பா.

காரில் உட்கார ஒரே ஒரு சீட் இருந்ததால் நாங்கள் மூவரும் பஸ்ஸில் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "எனக்கும் வேணாம், இந்த வண்டியும் வேணாம். பழைய இரும்புக்குப் போட்டுடறேன். அத்தை கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். சும்மா சொல்கிறான் என்று நினைத்தோம். வியாழக்கிழமை காலை பழைய இரும்புக்காரர் லாரியோடு வாசலில் வந்து நின்றார். பத்தொன்பது வருஷம் நீங்கள் ஓட்டிய கார், நான் ஒரு வாக்கியத்தை விழுங்கியதால் துண்டு துண்டாகப் போகப்போகிறது. உதிரிகளை நிறுப்பதற்காக அவர் தன் தராசை இறக்கி வைத்தார். அங்கேதான் கடவுள் கண் திறந்தார் என்று நினைக்கிறேன். அப்பா குனிந்து தராசைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல முத்திரை எங்க?"

"அது இருக்குங்க சார், உள்பக்கம் எங்கியோ இருக்கும்."

"உள்பக்கமா? மூணு வருஷமா முத்திரையே வெக்கல. முள் பாருங்க, சும்மா இருக்கும்போதே ரெண்டு கிலோ காட்டுது. இதை வெச்சா ஊர் பூரா நிறுத்தீங்க?"

"சார், நான் வண்டி எடுக்க வந்தேன் சார், பரீட்சை எழுத வரல."

அப்பா உள்ளே போய்ப் படிக்கல் எடுத்துவந்து ஒவ்வொன்றாக அவர் தராசில் வைத்து அவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அந்த இடைவெளியில்தான் நான் அண்ணன் அறைக்குப் போய் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, பிரித்து, அவன் முன்னால் வைத்தேன். "அண்ணா, கோளாறு வண்டி கனத்துல இல்ல. பச்சை விழுந்ததும் நீ ரெண்டு பக்கமும் பாக்கற. அப்புறம்தான் எடுக்கற."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பாக்காம எப்படி எடுக்கறது?"

அறை வாசற்படியில் நின்றிருந்த அம்மா, "அடேய், அங்க குறுக்க யாருடா வரப்போறா?" என்றாள்.

அவன் சீட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தான். "முதல் நாளே பாத்தியா நீ?" என்றான். "பாத்தேன்" என்றேன். "அப்ப சொல்றதுக்கென்ன? என் பின் சீட்டு, என் கூரைத் துணி, என் பெடல்ல ஓட்டை! வாயில என்ன வெச்சிருந்த?" திட்டத்தான் செய்தான், ஆனால் எழுந்து போய் இரும்புக்காரரை அனுப்பிவிட்டான். அவரும் விட்டால் போதும் என்று லாரியில் ஏறினார். அத்தை, அப்போது என் மூச்சு எப்படி வந்தது என்று எழுதத் தெரியவில்லை. திண்டாடி நின்ற ஆறு வாரமும் ஒரே பெருமூச்சில் வெளியே போயிற்று.

அன்று சாயங்காலமே அப்பா சமையலறை விளக்கின் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்ததும் அண்ணன் தரையை மிதிக்க வேண்டும், கழுத்து திரும்பக் கூடாது. இருபது தடவையும் திரும்பியது. கடைசியில் அப்பாவுக்குக் கழுத்து வலிக்கு டாக்டர் கொடுத்த பட்டையை எடுத்து மாட்டிவிட்டோம். மூன்று நாளில் உங்கள் காரை முழுசாகப் பூட்டினோம். அப்பா நோட்டை வைத்துச் சரிபார்த்தார். கழற்றியதற்கும் மாட்டியதற்கும் இரண்டு கிராம் வித்தியாசம், அது உங்கள் கம்மல். மூன்றாவது பந்தயத்தில் பின் சீட், ஸ்டெப்னி, கூரைத் துணி சகிதமாக, கழுத்துப் பட்டையோடு அண்ணன் ஓட்டினான், ஒரு பம்பர் நீளத்தில் ஜெயித்தான். பல் டாக்டர் வந்து கைகொடுத்து, "சார், கிளம்பும்போது பல்லை ரொம்பக் கடிக்கறீங்க, கடைவாய்ப் பல் போயிடும்" என்றார். அண்ணன் இறங்கி வந்து, "போதும். இனிமே இந்தப் பக்கமே வரல" என்றான். மறுநாள் காலை வழக்கம்போல டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான்.

ஆகவே அத்தை, துளைகளை மட்டும் மன்னித்துவிடுங்கள், மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தபடியே இருக்கிறது. எங்கள் வீட்டில் பந்தயம் என்ற பேச்சே ஓய்ந்துவிட்டது. புதன்கிழமை நீங்கள் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வரலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், படியில் மெதுவாக இறங்குங்கள். உங்கள் ஆசி எங்கள் நால்வருக்கும் வேண்டும், அதில் அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் வைத்திருந்தேன். இதை இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். சமையலறையில் அண்ணன் பழகியபோது அம்மாவும் அடுப்படியிலிருந்தே காலை மிதித்துப் பார்த்தாளாம், ஒவ்வொரு தடவையும் அவனைவிட முந்தி. யாரிடமும் சொல்லாமல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இன்று காலை உங்கள் காரை ஓட்டினாள், பல் டாக்டரை இரண்டு கார் நீளத்தில் ஜெயித்தாள். இப்போது முன்பக்கத்தில் எதை எடுக்கலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு வந்து, பானெட்டையும் பக்கத்துச் சீட்டையும் கழற்றிவிட்டாள். அப்பா நிறுத்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்கு டாக்ஸி சொல்லியிருக்கிறேன்.