ஜீரோ அக்கா

ஊரே லட்சத்துக்கும் கோடிக்கும் அலைகிறபோது, பூஜ்யத்துக்காக உயிரை விடும் ஒரே மனுஷி எங்கள் ஜீரோ அக்காதான்.

கொல்லங்கோட்டில், உரக்கடை மாடியில், முதலாளி, அக்கா, நான் என மூன்றே பேர் கொண்ட ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். நான் எழுதும் நிரலை அக்கா வேலிடேட்டர் என்ற சோதனை மென்பொருளில் போடுவார். அது பிழைகளை எண்ணிச் சிவப்பில் காட்டும். எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை சைட் படியிறங்காது.

நிரலில் திறந்த டேகை, அதாவது அடையாளக் குறியை, மூடாமல் விடுவது அக்காவுக்குக் கொலைக் குற்றம். இந்த வியாதி பேச்சுக்கும் பரவியிருந்தது. "நேத்து பஸ்ஸுல ஒருத்தன்..." என்று ஆரம்பித்துவிட்டு நான் போனை எடுத்தால் தொலைந்தேன்.

"ஏந்தம்பி, அந்த ஒருத்தனுக்கு என்னாச்சு? தொறந்தா மூடோணுமல்லோ!"

அவன் சித்தூரில் இறங்கிப்போனான் என்று சொல்லி முடித்த பிறகே என்னை டீ குடிக்க விட்டார்.

ஒருமுறை போடிமெட்டு விடுதிக்காரர் ஒருவருக்கு சைட் செய்தோம். சீசன் நெருங்கிவிட்டது. காலையிலேயே கொடுத்தாக வேண்டும். வேலிடேட்டரோ ஆறு பிழை என்றது. ரூம் புக் செய்யும் படிவத்தில் பெயர், தேதி நிரப்பும் கட்டங்களுக்கு, நிரலில் நான் பெயரே வைக்கவில்லை.

விடுதிக்காரர் போனில் குதித்தார். "இன்னைக்கு வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன், ஆமா!"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஏனுங்கம்மிணி, கண்ணுக்கே தெரியாத தப்புக்கு எதுக்குங்க இந்த ரோதனை? அனுப்பியுடுங்க."

"கண்ணு தெரியாதவங்களுக்குத்தானுங்க அந்தப் பேரு. போனு வாசிச்சுக் காட்டித்தான அவங்க பொழங்கறாங்க? பேரில்லாத கட்டத்த அது என்னன்னு வாசிக்குமுங்க?"

முதலாளி விடுதிக்காரருக்குப் போன் போட்டு, அக்கா சொன்னதைச் சொல்லி, சாயங்காலம்வரை தவணை கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூஜ்யம் வந்தது. விடுதிக்காரர் திட்டிக்கொண்டேதான் சைட்டை வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். குரல் குழைந்திருந்தது. "கண்ணு தெரியாத வாத்தியார் ஒருத்தர் சம்சாரத்தோட வந்திருக்காரு தம்பி. ரூம யாரு புக் பண்ணிக் குடுத்தான்னு கேட்டேன். 'நானேதான்'னு நெஞ்ச நிமித்திச் சொல்றாரு! அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிருங்க."

சொன்னேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. கேட்டது மட்டும் ஒரே கேள்வி: "எங்கியாவது தடுமாறுனாராமா?"

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் நீட்டினேன். சிவப்புப் பேனாவால் ஒன்பது இடத்தில் சுழித்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் அப்பா, அம்மா பெயருக்குக் கீழே 'தமக்கை' என்று போட்டு அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அதில் மட்டும் பேனா படவே இல்லை.