போத்தல் அண்ணையின் கடதாசி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் போத்தல் அண்ணையைப் போலப் பொய் சொன்ன மனிதர் இன்னொருவர் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொந்தப் பெயர் தெரியாது. எங்கள் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழ் அறையில், இருந்தார். ஒரு கோடையில், வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்கிற கராஜ் சேல் ஒன்றில் பெட்டி ஒன்று வாங்கினார். உள்ளே நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க மருந்துக்கடைச் சாமான்கள். வெறும் போத்தல்கள். தாடிக்காரர் ஒருவரின் படம். கீழே நாற்பது வியாதிகள், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. போத்தலைச் சுற்றுகிற தாளில் குணமான ஆட்களின் கடிதங்கள்.

அவருக்கு இங்கிலிஷ் அரைகுறை. ஆனால் வியாபாரம் முழுதாக விளங்கிவிட்டது. அன்றிலிருந்து தாடி வளர்த்தார்.

இஞ்சி, மல்லி, மிளகு, சீனிப்பாணி, அரைவாசிக்கு பிராந்தி. அதுதான் மருந்து. அமெரிக்கன் நாற்பது வியாதி போட்டால் இவர் நாற்பத்திரண்டு போட்டார். கூட்டின இரண்டு: ஸ்னோ தள்ளுவதால் இடுப்பில் வரும் நாரி நோவு, ஊரிலிருந்து ஸ்பொன்சரில் கூப்பிட்ட மாமியால் வரும் தலையிடி.

கடிதங்களை முதலில் அவரே எழுதினார். ஒருநாள் பிளாசாவில் ஒரு அன்ரி அவரைப் பிடித்துக்கொண்டா.

"என்ர மனுசன் செத்து ரெண்டு வருசம். உம்மட மருந்து வந்து ஆறு மாசம். அவர் எப்பிடியப்பா கடிதம் எழுதினவர்?"

அண்ணை தாடியைத் தடவினார். "தபால் பிந்தியிருக்கும், தங்கச்சி."

இன்னொரு நாள் பஸ்ஸில் அவருடைய பையில் ஒரு போத்தல் உடைந்தது. பஸ் முழுக்க பிராந்தி மணம். ட்ரைவர் பஸ்ஸை நிறுத்திக் குடிகாரனைத் தேடினான். அண்ணை எழும்பி நின்று மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அடுத்த நிறுத்தத்துக்குள் நாலு போத்தல் போனது. ஒன்றை வாங்கியது ட்ரைவர்.

பிறகு ஒரு சட்டம் வைத்தார். மூன்று போத்தல் வாங்கினால் வாங்கினவரின் கடிதம் அடுத்த தாளில் வரும். சனம் அள்ளிக்கொண்டு போனது. பாரிசுக்கும் லண்டனுக்கும் போகிறவர்கள் சொந்தக்காரருக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வந்தது. வன்னியில் சண்டை முடிகிற மாதங்கள். என் மனைவி பவளத்தின் தம்பி யோகன் உள்ளே அகப்பட்டிருந்தான். தைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பவளம் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. போத்தல் மட்டும் வாங்கினாள்.

பங்குனியில் வந்த தாளைப் பார்த்தேன். 'நித்திரையின்றி அவதிப்பட்டேன். மூன்று போத்தலில் குழந்தைபோல உறங்குகிறேன். திருமதி பவளம், ஸ்காபரோ.'

அடுத்த ஞாயிறு காலை அவள் குசினியில் விழுந்தாள். பிரஷர். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரஷர் குளிசையை ஒழுங்காக விழுங்குகிறாளா என்று கேட்டார். வீட்டில் பார்த்தேன். குளிசைப் பெட்டி நிரம்பியபடி கிடந்தது.

நேரே பேஸ்மன்றுக்குப் போனேன். மேசையில் இருந்த போத்தல்களை எல்லாம் கையால் தட்டிவிட்டேன்.

"உன்ர மருந்தை நம்பி அவள் குளிசையை விட்டிட்டாள். நாயே, அவள் செத்திருந்தால்?"

அண்ணை நிலத்தில் முழந்தாளிட்டார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

பவளம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணை கதவில் நின்றார். நான் மறித்தேன். என் கைக்குக் கீழாகக் குனிந்து உள்ளே போனார்.

"தங்கச்சி, குளிசையைப் போடு. என்ர மருந்து ஒண்டுக்கும் உதவாது."

"அது எனக்குத் தெரியும் அண்ணை. நான் குடிக்கேல்லை. சோறே இறங்காதவளுக்குக் குளிசை எங்க நினைவு வரும்?"

குசினிச் சிங்குக்குக் கீழே காட்டினாள். ஒன்பது போத்தல். ஒரு மூடியும் திறக்கவில்லை.

அண்ணைக்கு முகம் கறுத்தது. "ஒரு மிடறும் குடிக்கேல்லையோ?"

"நான் வாங்கினது கடதாசிக்கு. உங்கட தாள் எல்லா நாட்டுக்கும் போகுதெல்லே. தம்பியின்ர பேரையும் அடையாளத்தையும் மூண்டு தரம் எழுதித் தந்தனான். நீங்கள் மூண்டு தரமும் அதை வெட்டிப்போட்டு, நித்திரை வந்ததெண்டு போட்டியள்."

எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. சட்டையைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"இந்தக் குளிசையை என்ர கண்ணுக்கு முன்னால விழுங்கு, தங்கச்சி. நான் போய் தம்பியின்ர பேரைத் தாளில அடிக்கிறன்" என்றார்.

அடுத்த தாளில் வியாதி ஒன்றும் இல்லை. ஆனால் மனிதருக்கு வேறு விதமாக எழுத வராது. 'யோகன், வட்டக்கச்சி, வயது முப்பத்தொன்று, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அக்கா நித்திரையின்றி அவதிப்படுகிறார். கண்டவர் அறிவித்தால் குணமாகும்.' அதைப் பார்த்துவிட்டு மற்றச் சனமும் பெயர்களோடு வந்தது. தாளில் இடம் போதாமல் தன் தாடிப் படத்தையும் எடுத்துவிட்டார்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் முடியவில்லை. அண்ணை தினமும் வந்து பவளம் குளிசை விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போனார். நான் அவரோடு பேசவில்லை.

ஆடியில் ஒரு பின்னேரம். லிஃப்ட் பழுது. பதினொரு மாடி ஏறி வந்து கதவில் சாய்ந்தார். மூச்சு வரவில்லை. கையில் ஒரு துண்டு. பாரிசில் ஒரு அன்ரி முழங்கால் நோவுக்குப் போத்தல் வாங்கி, தாளை வாசித்திருக்கிறா. அவவின் தங்கச்சி, வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாமில். யோகன் உயிரோடு பக்கத்துக் கூடாரத்தில்.

பவளம் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

அண்ணைக்கு மூச்சு வந்தது. "பாத்தியோ தம்பி, என்ர மருந்து வேலை செய்யுது!"

"மருந்தில்லையடா, கடதாசி!" என்று கத்தினேன். கேட்டால்தானே.

அடுத்த நாள் அந்தப் பாரிஸ் அன்ரிக்கு ரெலிபோன் எடுத்து நன்றி சொன்னேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். முந்தியைவிட மோசமாம், எழும்பி நடக்க முடியவில்லையாம்.

அதை நான் அண்ணையிடம் கடைசிவரை சொல்லவில்லை.