நாற்பத்துமூன்று வீடுள்ள ஐம்பது வீட்டுத்திட்டம்

ஐம்பது வீட்டுத்திட்டம்,
மன்னார்.
சனிக்கிழமை பின்னேரம்.

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு, பெறாமகள் வேணுஜா வணக்கத்துடன் எழுதுவது.

நடந்த எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகவே இக்கடிதத்தில் பதிவுசெய்யப் போகிறேன். அதற்கு முன், நானாட்டானில் உங்கள் சுகத்தையும், பெரியம்மாவின் முழங்கால் சுகத்தையும், உழவு மெசினின் சுகத்தையும் அறிய ஆவல். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். பெரியம்மா அதை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுவா என்ற சந்தேகத்தில்தான் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் வரலாற்று ஆசிரியை சுபத்திரா ரீச்சர் ‘நான் வாழும் குடியிருப்பு’ என்று ஓர் ஒப்படை தந்தா. வீடு வீடாகப் போய், எப்போது வந்தார்கள், எத்தனை பேர், முன்பு இந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். எனக்கும் ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்தது. பலகையில் ஐம்பது வீட்டுத்திட்டம் என்று இருக்கிறது. நான் மூன்று தரம் எண்ணிவிட்டேன், நாற்பத்துமூன்று வீடுதான். மிச்சம் ஏழும் எங்கே? ஆகவே ஒரு நீளக் கொப்பி வாங்கி, கோடு போட்டு, இன்று காலை புறப்பட்டேன். அந்த நீளக் கொப்பிதான் பிழை, பெரியப்பா. இங்கே நீளக் கொப்பியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ கொடுப்பதற்குப் பேர் எழுதுகிறவர்கள். கூரைத்தகரம், மலசலகூடம், கோழிக்குஞ்சு எல்லாம் அப்படித்தான் வந்தனவாம். குடிவந்து இரண்டே வருடமான எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

முதல் வீடு தோமஸ் அங்கிளுடையது. "எந்த வருசம் இங்க வந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எந்த வருசத்துக்காரருக்குக் குடுக்கினம்? அதைச் சொல்லு மகள், நான் அந்த வருசம் வந்தனான்" என்றார். எத்தனை பேர் என்றேன். "போனமுறை நாலெண்டு சொல்லி ஏமாந்துபோனன். எட்டுப் போடு." மற்ற நாலு பேரின் பேர் என்ன என்று கேட்டதற்கு, "அதை அவை வந்தாப்பிறகு கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

பக்கத்து வீட்டில் றிஸ்வி நானா என்னைக் கண்டதும் உள்ளே ஓடினார். நான் போனபோது குசினி மூலையில் எதையோ படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. என்ன அது என்றேன். "உடைஞ்ச அலுமாரி" என்றார். அலுமாரி உறுமியது. பிறகு ஒரு தரம் உடம்பைக் குலுக்கிவிட்டு ஓய்ந்தது. "எங்களிட்ட பிரிட்ஜ் இல்லை எண்டு எழுதுங்க" என்றார். நான் கேட்கவே இல்லை, பெரியப்பா!

காணாமற்போன ஏழு வீட்டைப் பற்றி ஏழு பேர் பதில் சொன்னார்கள். கடல் கொண்டுபோனது என்று ஒருவர், கட்டவேயில்லை என்று ஒருவர், நீ ஏன் அதைக் கேட்கிறாய் என்று ஐந்து பேர். மத்தியானம் வீடு திரும்பினால் எங்கள் படலையில் வரிசை நிற்கிறது. கையில் அடையாள அட்டைப் பிரதிகள். பக்கத்து ஊரான கீரியிலிருந்துகூட ஓட்டோவில் வந்திருந்தார்கள். வரிசைக்குள் இரண்டு கழுதைகளும் நின்றன. "இது பள்ளிக்கூட வேலை, ஒண்டும் குடுக்கிறேல்லை" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். "ஓம் ஓம், விளங்குது பிள்ளை. நாங்கள் வெளியில சொல்லமாட்டம்."

வரிசையில் சேராமல் வேலியோரம் ஒருவர் நின்றா. கடைசி வீட்டுப் பாத்தும்மா மாமி. அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்ததால், ஆளில்லை என்று நினைத்து நான் போகாமல் விட்டிருந்தேன்.

"என்ட பேர் இருக்கா?"

இல்லை என்றேன்.

"இருக்காது. தகரத்துக்கு எழுதக்குள்ள மகள்ட பேறுக்குப் புத்தளம் போயிருந்தன். கோழிக்கு எழுதக்குள்ள ஆஸ்பத்திரில. நான் இல்லாத நேரமாப் பாத்துத்தானே கொப்பி தூக்குறீங்க."

"மாமி, சத்தியமா இதுக்கு ஒண்டும் தரமாட்டினம்."

"தரவேணாம் புள்ள. பேரை எழுது."

எழுதினேன். எத்தனை பேர் என்று கேட்டேன். "நான் மட்டும்." இன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே நம்பக்கூடிய எண்ணிக்கை அதுதான். இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னா. பிறகு, நான் கேட்காமலே, அந்த ஏழு வீட்டையும் சொன்னா. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெறுங்கையோடு வெளிக்கிட்டனவாம். வருடக்கணக்கின் பின் மற்றவர்கள் திரும்பினார்கள். ஏழு குடும்பம் புத்தளத்திலேயே தங்கிவிட்டது. சுவர்கள் விழுந்து, அத்திவாரத்தின் மேல் உடைமரம் வளர்ந்துவிட்டது. ஏழு வீட்டுக்காரரின் பேரையும், முற்றத்தில் என்ன மரம் நின்றது என்பதையும் மாமி சொல்லச் சொல்ல எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் கிட்ட வந்து கேட்டார்கள்.

ஒப்படையில் அந்தப் பக்கம் ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். பெரியம்மாவுக்கும் பிரணவன் அண்ணாவுக்கும் என் அன்பு. இந்தப் போகம் மழை உங்களை ஏமாற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள
வேணுஜா

பி.கு: கடிதத்தை மடித்தபிறகு நடந்தது. தண்ணீர்த் தாங்கி கொடுப்பதற்கு உண்மையாகவே பேர் எடுக்க வேண்டுமாம். கிராம அலுவலர் வந்து, "நல்ல வடிவா எழுதியிருக்கிறீர்" என்று என் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அதை வைத்து வீடு வீடாகத் தலை எண்ணி வருகிறார். அப்பா சற்றுமுன்தான் மெதுவாகச் சொன்னார்: நான் சாப்பிடும்போது எங்கள் வீட்டுக் கோட்டில் உங்கள் மூன்று பேரின் பேரையும் எழுதிவிட்டாராம், அதுவும் என் கையெழுத்தைப் போலவே! ஆகவே பெரியப்பா, யாராவது கேட்டால் நீங்கள் எங்கள் பின்னறையில்தான் இருக்கிறீர்கள். நானாட்டானுக்குச் சும்மா போயிருக்கிறீர்கள். மேலே எழுதியதைப் பெரியம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். பொழுதுபட்டுவிட்டது. யன்னலால் பார்க்கிறேன்: கிராம அலுவலரின் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் தோமஸ் அங்கிள் வீடு இருண்டுவிட்டது, றிஸ்வி நானா வீட்டு லைற்றும் போய்விட்டது, ஒழுங்கை முழுக்க ஆளில்லாத மாதிரி. கடைசி வீட்டில் மட்டும் வெளிச்சம். பாத்தும்மா மாமி வாசலில் கதிரை போட்டு, அடையாள அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. இனி எழுத்து கோணினால் மன்னியுங்கோ. அப்பா எங்கள் வீட்டு லைற்றையும் நிறுத்திவிட்டார்.