மைனஸ் அண்ணனும் நாலு கூட்டல் ஒன்றும்

தப்புச் செய்துகொண்டே சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தப்புச் செய்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர், ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும், எங்கள் மைனஸ் அண்ணன் ஒருவர்தான்.

பதுளை டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ரிஸ்வான் நானா முதலாளி. இணையதளங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதும் அவரே. பட்டனுக்கு நிறம் அடிப்பது நான். நாங்கள் செய்ததைக் கெடுத்துப் பார்ப்பது மைனஸ் அண்ணன். எண் கேட்கும் பெட்டி எதைக் கண்டாலும் முதலில் ஒரு மைனஸ் போடுவார். ஒரு கலியாணத் தளத்தில் வயது மைனஸ் மூன்று என்று தட்டினார். பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ள, இன்னும் பிறக்காத மாப்பிள்ளை ஒருவர் இளையவர் வரிசையில் முதலாவதாக வந்து உட்கார்ந்தார். பண்டாரவளை ஹோட்டல் ஒன்றுக்கு ஒன்றரை அறை பதிந்து, எந்தப் பாதி வேண்டும் என்று மனேஜரே போன் பண்ணிக் கேட்கும்படி வைத்தார்.

சாப்பாட்டுக் கடையிலும் அந்தப் புத்தி போகாது. "தம்பி, மைனஸ் ரெண்டு வடை!" என்றார் ஒருநாள். பரிமாறுகிறவர் அவர் தட்டிலிருந்த இரண்டு வடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா, கணக்குச் சரி" என்று பெருமைப்பட்டார் அண்ணன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மழைநாளும் சிக்கியது. கொஸ்லந்தப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை. மலையடித் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆட்களை வேனில் இறக்க ஒரு தொண்டர் குழு கிளம்பியிருந்தது. வீட்டுக்கு எத்தனை பேர் என்று ஜனங்கள் போனிலேயே பதிய ஒரு படிவம் வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். அதில் ஒரு லயத்தில்தான் என் அக்கா குடும்பம். அக்காவின் மாமனார் வாதத்தில் விழுந்து படுத்த படுக்கை.

நானா மளமளவென்று எழுதி முடித்தார்.

"அப்பிடியே அனுப்பிருங்க நானா!" என்றேன்.

"இரு" என்றார் மைனஸ் அண்ணன். மைனஸ் போட்டார், பெட்டி மறுத்தது. எழுத்துப் போட்டார், அதையும் மறுத்தது.

"அதான் சரியா இருக்கேண்ணே! அங்க மழை கொட்டுது!"

"பதறாத காரியம் சிதறாதுடா" என்றபடி 4+1 என்று தட்டினார்.

"யாருண்ணே இப்பிடி எழுதுவாங்க?" நான் கத்தியேவிட்டேன்.

"லயத்துல வேற எப்பிடிச் சொல்லுவாங்க? நடக்கிறது நாலு, தூக்கிறது ஒண்ணு."

திரை பச்சையாகச் சிரித்தது: "நன்றி. 4 பேர் பதியப்பட்டனர்." ஐந்தாவது ஆளைக் காணோம்.

நானா தான் எழுதியதைத் திறந்து பார்த்தார். "முன்னுக்கு ஈக்கிற நம்பர மட்டும் எடுத்து, மிச்சத்த சத்தமில்லாம முழுங்கியிருக்கே!"

"தப்புன்னா முழுங்கக்கூடாது நானா. செவப்பாக் கத்தணும்."

நானா திருத்தினார். எண்ணோடு வேறொரு குறி ஒட்டியிருந்தாலும் படிவம் இனி மறுக்கும். நடப்பவர்களுக்கு ஒரு பெட்டி, தூக்க வேண்டியவர்களுக்கு இன்னொன்று. சரி என்று பட்டனில் கை வைத்தால், மறுபடி "இரு!" இரண்டாவது பெட்டியில் பூஜ்ஜியம் போட்டார் அண்ணன். "இடத்தை நிரப்பவும்" என்றது படிவம். பூஜ்ஜியத்தை அது வெறும் பெட்டியாக எடுத்துக்கொண்டுவிட்டது. நோயாளி இல்லாத வீடு எதுவும் பதியவே முடியாது! அண்ணனை மாடியிலிருந்து தள்ளிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. நானா அதையும் திருத்தினார். படிவம் போனது.

அக்காவுக்கு போன் போட்டுப் பதியச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"நாலு கூட்டல் ஒண்ணுன்னு போட்டேன்டா. எண் மட்டும் போடுன்னு செவப்பாக் கத்துது."

"கீழ இன்னொரு பெட்டி இருக்கு பாருக்கா. மாமாவ அதுல போடு" என்றேன். அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

அதன்பிறகு எத்தனை தரம் அடித்தும் போன் போகவில்லை. நானா ஜன்னலில் மழையைப் பார்த்தபடி நின்றார். மைனஸ் அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை, எதையும் தட்டவுமில்லை. பொழுது சாயும்போது, இறக்கியவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா பேசினாள். ஸ்ட்ரெச்சரோடு வேன் வந்ததாம்.

"அஞ்சு பேரும் எறங்கிட்டாங்கண்ணே!" என்றேன்.

எண்ணை என்றைக்கு நம்பினார் அந்த மனிதர்? "கணக்குச் சொல்லாத. பேரு பேராச் சொல்லச் சொல்லு."

அக்கா ஸ்பீக்கரில் ஒவ்வொருவராகச் சொன்னாள். கடைசியில் மாமனாரே போனை வாங்கி, வாய் குழறக் குழற, தன் பெயரைத் தானே சொன்னார். மைனஸ் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்மேல் அந்த நேரம் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை ஒரு பொட்டும் குறையவில்லை.