வெள்ளம் ஒழித்த கார்

மூன்றாவதாகக் கார் பார்க்க வந்தவர் இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கடைசியில் நாகேஸ்வரனைப் பார்த்தார்.

“தண்ணி எங்க ஊத்துறது?”

“இதுக்குத் தண்ணியே வேண்டாம். காத்துலேயே ஆறிக்கும்.”

“தண்ணி குடிக்காத வண்டியா?” என்றவர், இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போலச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். முன்னால் வந்த இருவரும் அப்படித்தான் போனார்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், பொன்முடித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரை ஒருவரிடமிருந்து வந்தது அந்த ‘கெல்டன்’ கார். கூடவே கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்றும் வந்தது. நாகேஸ்வரன் காரை ஓட்டியதைவிடப் புத்தகத்தைப் படித்ததே அதிகம். தண்ணீரில்லாத காரை நம்ப ஆளில்லாமல் நொடித்துப்போன கம்பெனி அது. கடைசிக் காலத்தில் ஜனங்களின் திருப்திக்காக முகப்பில் ஒரு பொய் ரேடியேட்டரை வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் பிழைக்கவில்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவர் மனைவி பாகீரதி துடைத்துக்கொள்ளவில்லை. கார் கிளம்பினால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வலியசாலைத் தெரு முழுக்கக் கேட்கும். எதிர்வீட்டுப் பசு மிரண்டு பாலை அடக்கிக்கொண்டதில், ஒரு வாரமாகப் பாதித் தெருவுக்குக் காப்பி இல்லை.

“வர வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்லேன்னா நான் அம்பாசமுத்திரம் போகணும்,” என்றாள். “யாரை அனுப்பறதுன்னு யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நாகேஸ்வரன் யோசித்தார். யோசிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கிள்ளிப்பாலத்து மோட்டார் மேஸ்திரி சத்தியநேசனிடம் காரைக் கொண்டுபோனார். கம்பெனி செய்ததையே தானும் செய்கிறோமே என்று வழியெல்லாம் உறுத்தியது.

“முன்னால ஒரு ரேடியேட்டர் வேணும். பொய்யா இருந்தாப் போறும்.”

“அதில வெள்ளம் ஒழிக்கண்டே சாமி?”

“வேண்டாம். மூடி மட்டும் பளிச்சுன்னு இருக்கட்டும்.”

மலையாளத்தில் வெள்ளமென்றால் தண்ணீர்; ஒழிப்பதென்றால் ஊற்றுவது. முப்பது வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்த நாகேஸ்வரனின் காதுக்கு அந்தச் சொல்லின் தமிழ் அர்த்தமே மறந்துபோயிருந்தது.

பித்தளை மூடி பளிச்சென்றுதான் இருந்தது. நாலாவதாக வந்த சாலை பஜார் கடைக்காரர் அதைத் திறந்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். அத்தனையும் அவருடைய புதுச் செருப்பின் மேலேயே விழுந்தது.

“ஓட்டைப் பாத்திரத்த என் தலையில கட்டப் பாக்கீராவே?” என்று கேட்டுவிட்டு அவரும் போனார்.

சத்தியநேசன் உள்ளே ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பொருத்தித் தந்தார். இப்போது ஒரு குடம் தண்ணீர் சொட்டாமல் நின்றது. காற்று நுழையும் வழியை அந்த டின் அடைத்துக்கொண்டிருப்பது நாகேஸ்வரனுக்குத் தெரியாமலில்லை. புத்தகத்தில் படமே இருந்தது. ஆனால் வியாழக்கிழமை ஆகிவிட்டது. பாகீரதி டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம், ராதாபுரம் பக்கத்திலிருந்து திரவியம் என்ற பெரிய மனிதர் தம் பழைய காரில் வந்து இறங்கினார். அதன் பின்னால் நான்கு தண்ணீர்க் குடங்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வண்டியின் தாகம் அறிந்தவர் என்று நாகேஸ்வரனுக்குத் தெம்பு வந்தது.

திரவியம் பேச்சுக் குறைவானவர். பித்தளை மூடியைக் கண்டதும் அவர் முகம் ஏனோ சுருங்கியது.

“தண்ணி?” என்றார்.

நாகேஸ்வரன் வாயைத் திறக்குமுன், பட்டறையிலிருந்து காரோடு கூட வந்திருந்த சத்தியநேசன் முந்திக்கொண்டார். “வெள்ளம் மொத்தம் ஒழிச்சாச்சு முதலாளி. இனி பயப்படண்டா.”

திரவியம் வாய்விட்டுச் சிரித்தார். “ஒழிச்சாச்சா? அது போதும். ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்திருவோம்,” என்று ஏறி உட்கார்ந்தார். அவருடைய டிரைவர் வேலப்பன் பழைய காரில் பின்தொடர்ந்தான். வாசலில் நின்ற பாகீரதி, டிரங்குப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொன்னாள்.

கரமனைப் பாலம் ஏறும்போது பித்தளை மூடி தாளம் போட்டது. பாலத்தின் நடுவில் அது எகிறிப்போய் ஆற்றில் விழுந்தது. ஆவி பீச்சியடிக்க, கார் நின்றுவிட்டது.

“எல்லா வண்டியும் கொதிக்கறதுதானே,” என்றார் நாகேஸ்வரன், பழகாத பொய்யைத் தைரியமாக. “ஒரு குடம் தண்ணி விட்டாச் சரியாயிடும்.”

திரவியம் இறங்கி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே தளதளவென்று தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. “வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்த் தம் காரில் ஏறிக்கொண்டார்.

வேலப்பன் ஒரு குடத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தான்.

“கொதிச்சுதுங்கறதுக்காகவா வேண்டாங்கறார்?” என்று கேட்டார் நாகேஸ்வரன்.

“கொதிச்சதுக்கு இல்ல சாமி. எங்க ஊர்ல மனுசன் குடிக்கவே தண்ணி கெடையாது. தண்ணி கேக்காத காரு வலியசாலையில ஒண்ணு நிக்குன்னுதான் எழுபது மைல் வந்தோம். வெள்ளத்த ஒழிச்சாச்சுன்னு ஒங்க மேஸ்திரி சொன்னதும் முதலாளிக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா?”